எட்டு துண்டு மாத்திரை: ஒரு தையல்கார அக்கா நரம்பு மாத்திரையை நிறுத்துன விவரம்

சாயந்திரம் ஏழு மணி, மெடிக்கல்ல கூட்டம் நெரியுற நேரம். அக்கா கவுண்டர் ஓரத்த ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு நிக்கறாங்க, மாசி மாசம், அப்படி ஒண்ணும் வெக்கை இல்ல, ஆனா நெத்தியிலயும் கழுத்துலயும் வேர்வை ஊத்துது. "தம்பி, இதவிட பவர் ஜாஸ்தியா ஏதாவது நரம்பு மாத்திரை இருந்தா குடு, என்னால முடியல"ன்னாங்க. எதவிடன்னு கேட்டேன். பர்ஸ்லேர்ந்து ஒரு காலி அட்டைய எடுத்து வெச்சாங்க. எசிடலோப்ராம் 10 எம்.ஜி., குளோனசிபாம் 0.5 எம்.ஜி., ரெண்டும் சேர்ந்த ஒரே மாத்திரை. "இத நிறுத்தி இன்னையோட எட்டு நாள் ஆச்சு"ன்னாங்க.

நான் தஞ்சாவூர் பக்கம் ஒரு சின்ன ஊர்ல 14 வருஷமா மெடிக்கல் நடத்துறேன், பார்மசி படிச்சவன், டாக்டர் இல்ல. இந்த கேஸ எழுதலாமான்னு அக்காகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன், ஆள் அடையாளம் தெரியற மாதிரி இருக்கற விவரத்த விட்டுட்டேன். ஏன் எழுதறேன்னா, இதே காம்பினேஷன் மாத்திரைய வருஷக்கணக்கா போடறவங்க எங்க தெருவுலயே நிறைய பேர் இருக்காங்க, அதுல ரெண்டு மருந்து இருக்குங்கறதே அவங்கள்ல பாதி பேருக்கு தெரியாது.

அக்காவுக்கு அப்ப 52 வயசு. வீட்டுலயே ரவிக்கை தைக்கறாங்க. 2018ல வீட்டுக்காரர் மாரடைப்புல திடீர்னு போயிட்டாரு. அதுக்கப்பறம் ராத்திரி தூக்கம் இல்ல, நெஞ்சு படபடன்னு அடிக்கும், தனக்கும் மாரடைப்புதான்னு ரெண்டு தடவ ஆஸ்பத்திரிக்கு ஓடுனாங்க, ஈசிஜி நார்மல். ஒரு டாக்டர் பாத்துட்டு பதட்ட நோய்னு சொல்லி இந்த மாத்திரைய எழுதுனாரு, ராத்திரி ஒண்ணு. நல்லா கேட்டுச்சு. அந்த நேரத்துல அது தேவையான மருந்துதான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல, படபடப்புல சோறே இறங்காம இருந்தவங்கள அது எழுந்து உக்கார வெச்சுது.

ஆனா திரும்ப காட்ட போகல. கேட்டுச்சுன்னா யாரு போவா? அதே சீட்ட போன்ல போட்டோ எடுத்து வெச்சுக்கிட்டு மாசாமாசம் மூணு அட்டை. இதுல என் பங்கும் இருக்கு, மறைக்க விரும்பல, ஆறு வருஷத்துல போன அட்டையில பாதி எங்க கடையிலேர்ந்துதான் போயிருக்கும். அந்த போட்டோவ பெருசு பண்ணி ஓரத்துல "60 நாள், பிறகு காட்டவும்"னு எழுதியிருந்தத நான் படிச்சது அந்த எட்டாவது நாள் ராத்திரிதான். அன்னைக்கு வீட்டுக்கு போய் சாப்பிடவே முடியல.

ஏன் நிறுத்துனாங்கன்னா, தை மாசத்துல ஒரு நாள் ராத்திரி பாத்ரூம் போக எழுந்தவங்க தள்ளாடி விழுந்து மணிக்கட்டு வீங்கிடுச்சு. நாத்தனார் பையன் போன்ல தேடிப் பாத்துட்டு "அத்தை, இந்த மாத்திரையாலதான் விழுந்தீங்க, இது மறதிய கொண்டு வரும், அடிமையாக்கும், இன்னையோட தூக்கி போடுங்க"ன்னுட்டான். அவன் சொன்னதுல பாதி சரி. குளோனசிபாம், அல்பிரசோலாம், டயஸிபாம், லோரசிபாம் எல்லாம் ஒரே குடும்பம், பென்சோடயஸிபைன்னு பேரு, இந்த குடும்பத்து மாத்திரையால தள்ளாட்டம் வரும், வயசாக ஆக விழுந்து இடுப்பெலும்பு முறியற ஆபத்து கூடும், 65 வயசுக்கு மேல கூடுமானவரைக்கும் தவிர்க்கணும்னு டாக்டருங்களே சொல்றாங்க. தப்பானது "இன்னையோட"ங்கற ஒத்த வார்த்தை.

மூணு நாள் ஒண்ணுமே ஆகல. இதத்தான் எல்லாரும் தெரிஞ்சுக்கணும்னு நினைக்கறேன். குளோனசிபாம் உடம்ப விட்டு மெதுவாத்தான் போகும், பாதி அளவு வெளியேறவே சுமாரா ஒண்ணரை நாள் ஆகும், அதனால நிறுத்துன அன்னைக்கே ஒண்ணும் தெரியாது. அக்காவும் "பாத்தியா, மாத்திரை இல்லாம நான் நல்லாத்தான் இருக்கேன்"னு நாத்தனார்கிட்ட சந்தோஷமா சொல்லியிருக்காங்க. நாலாம் நாள் ராத்திரி பொட்டு தூக்கம் இல்ல. அஞ்சாம் நாள் தலைய திருப்புனா உள்ள ஷாக் அடிக்கற மாதிரி ஒரு வெட்டு. ஆறாம் நாள் ஊசியில நூல் கோர்க்க முடியல, 30 வருஷமா கண்ண மூடிக்கிட்டு கோர்த்தவங்க, கை நடுங்கி நூல் ஊசிக்காதுக்கு பக்கத்துல பக்கத்துல போயிட்டு வருது. ஏழாம் நாள் தையல் மெஷின் சத்தமே தாங்க முடியாம காத பொத்திக்கிட்டாங்க. வீட்டுல எல்லாரும் எடுத்த முடிவு என்னன்னா, பழைய வியாதி திரும்பிடுச்சு, முன்னவிட முத்திடுச்சு.

இந்த இடத்துலதான் ஆயிரம் பேரு தடுக்கி விழறாங்க. வியாதி திரும்பறதும் மருந்த திடீர்னு விட்டதால உடம்பு திமிர்றதும் வெளிய பாக்க ஒண்ணு மாதிரியே இருக்கும், படபடப்பு, தூக்கமின்மை, பயம். வித்தியாசம் காலத்துலயும் புது அறிகுறிகள்லயும் இருக்கு. பழைய வியாதி திரும்பறதா இருந்தா பொதுவா வாரக்கணக்குல, மாசக்கணக்குல மெல்ல மெல்ல வரும். இது நாள்கணக்குல வரும், அதோட முன்ன இல்லாதது சேந்து வரும். அக்காவுக்கு 2018ல சத்தம் தாங்காம இருந்ததில்ல, தலைக்குள்ள ஷாக் அடிச்சதில்ல, கை இப்படி நடுங்கினதில்ல. இத யாராவது ஒருத்தர் உக்காந்து கேட்டிருந்தா புரிஞ்சிருக்கும்.

உள்ள என்ன நடக்குதுன்னு எனக்கு தெரிஞ்ச அளவுல சொல்றேன். மூளையில காபான்னு ஒரு ரசாயனம் இருக்கு, நரம்ப அமைதிப்படுத்தறது அதோட வேலை. இந்த மாத்திரை அந்த காபாவோட வேலைய கூட்டி விடுது. மாசக்கணக்குல வெளிலேர்ந்து உதவி வந்துக்கிட்டே இருந்தா மூளை அதுக்கேத்த மாதிரி தன்ன மாத்திக்கும், காபாவுக்கு காது குடுக்கறத கொறைச்சுக்கும். அப்பறம் உதவிய ஒரே நாள்ல புடுங்கிட்டா அமைதிப்படுத்த ஆள் இல்லாம நரம்பு பூரா கூச்சல்தான். அந்த கூச்சல் அதிகமானா வலிப்பு வரலாம், சித்தம் கலங்கலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால இத ஏதோ மனசு பலவீனம், கொஞ்சம் பொறுத்துக்கிட்டா சரியாயிடும்னு யாரும் நினைக்காதீங்க. சீட்டுல இருக்கற அளவ தாண்டாம ஒழுங்கா போட்டவங்களுக்கும் இது வரும். அமெரிக்காவுல மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு 2020ல இந்த குடும்பத்து மருந்து அத்தனைக்கும் கட்டம் போட்ட எச்சரிக்கைய புதுசா எழுத வெச்சுது, பழகிப்போறதையும் திடீர்னு நிறுத்தறதுல இருக்கற ஆபத்தையும் சேர்த்து.

அக்காவுக்கு ஒண்ணுக்கு ரெண்டா ஆயிடுச்சு. எசிடலோப்ராமும் அதே நாள் நின்னுபோச்சுல்ல. அது வேற வகை மருந்து, ஆனா அதையும் சட்டுனு விட்டா தலைசுத்தல், தலைக்குள்ள ஷாக், எரிச்சல், அழுகை எல்லாம் வரும். ஒரு மாத்திரைய விட்டோம்னு நினைச்சவங்க நிஜத்துல ரெண்ட விட்டிருக்காங்க.

அன்னைக்கு ராத்திரியே ஜி.எச். மனநல டாக்டர் அம்மாவுக்கு போன் பண்ணேன். அவங்க மொதல்ல கேட்டது மூணே கேள்வி: பிட்ஸ் வந்துச்சா, ஆள் குழம்பி பேசறாங்களா, சாகணும்னு ஏதாவது சொல்றாங்களா. மூணுக்கும் இல்லன்னேன். ஒண்ணுக்காவது ஆமான்னிருந்தா 108ஐ கூப்பிட்டு நேரா அட்மிஷன்தான்னாங்க. பழைய மாத்திரையவே பழைய அளவுலயே இன்னைக்கு ராத்திரி குடுங்க, கூட ஒருத்தர் படுத்துக்கணும், காலையில கூட்டிட்டு வாங்கன்னாங்க. அக்கா கவுண்டர்லயே அழுதுட்டாங்க, எட்டு நாள் பட்ட பாடெல்லாம் வீணாப்போச்சேன்னு. டாக்டர் அம்மா மறுநாள் அவங்க கைய புடிச்சு சொன்னாங்களாம், "வீணாகலம்மா, நிறுத்தத்தான் போறோம், ஆனா இப்படி இல்ல"ன்னு.

மொதல்ல ஒண்ணரை மாசம் எதையும் கொறைக்கல. ஆள் நிதானத்துக்கு வரணும், தூக்கம் வரணும், நூல் கோர்க்கணும். அதுக்கப்பறம் செஞ்ச முதல் வேலை அந்த கூட்டு மாத்திரைய ரெண்டா பிரிச்சது, எசிடலோப்ராம் 10 தனியா காலையில, குளோனசிபாம் தனியா ராத்திரி. கூட்டு மாத்திரைய பாதியா வெட்டுனா ரெண்டு மருந்தும் சேர்ந்தே பாதியாகும், ஏதாவது தொந்தரவு வந்தா எதனாலன்னு கண்டுபிடிக்கவே முடியாது. குளோனசிபாம் முழுசா முடியற வரைக்கும் எசிடலோப்ராம தொடறதில்ல, அது பதட்ட நோய்க்கு காவலா நிக்கட்டும்னு டாக்டர் அம்மா முடிவு பண்ணாங்க.

அப்பறம் துண்டு கணக்கு. குளோனசிபாம் 0.5க்கு பதிலா 0.25 மாத்திரை ரெண்டு, ஒவ்வொண்ணையும் நாலா வெட்டுனா மொத்தம் எட்டு துண்டு. நாலு வாரத்துக்கு ஒரு துண்டு கொறையும், அதுவும் அந்த மாசம் நல்லா போனா மட்டும். அக்கா கேட்டதுமே சொன்னாங்க, "தையல பிரிக்கற மாதிரிதானே தம்பி, ஒவ்வொரு தையலா எடுத்தா துணிக்கு ஒண்ணும் ஆகாது, அவசரத்துக்கு இழுத்தா கிழிஞ்சுரும்." இதவிட நல்லா எனக்கு சொல்ல வராது.

வெட்டறத பத்தி கொஞ்சம் சொல்லணும். 0.25 மாத்திரை பொடிசு, பிளேடால வெட்டுனா தெறிச்சு ஓடும், அதனால மாத்திரை கட்டர் ஒண்ணு குடுத்தேன். அப்பவும் நாலு துண்டும் ஒரே அளவா வராது. அதுக்கு ஒரு வழி, வெட்டுன மாத்திரையோட நாலு துண்டையும் வரிசையா போட்டு முடிச்சிட்டுத்தான் அடுத்தத வெட்டணும், இன்னைக்கு கொஞ்சம் சின்ன துண்டு போனாலும் நாளைக்கு பெரிய துண்டு வந்து சரிக்கட்டிடும், குளோனசிபாம் மெதுவா வெளியேறுற மருந்துங்கறதால இந்த ஏத்த இறக்கம் பெருசா தெரியாது. வாயில கரையற மாத்திரை கட்டருக்குள்ளயே பொடியாயிடும், அத வெட்ட வேண்டாம். எஸ்.ஆர்.னு போட்ட மாத்திரைய வெட்டவே கூடாது, அது நாள் பூரா மெல்ல விடறதுக்காக செஞ்சது, வெட்டுனா மொத்தமா ஒரே நேரத்துல இறங்கிடும்.

கனடாவுல 2014ல வந்த ஒரு ஆய்வுல 65 வயசு தாண்டுனவங்களுக்கு ஒரு சின்ன புத்தகம் குடுத்தாங்க, அதுல இந்த மாத்திரையோட ஆபத்தும், முழு மாத்திரை, அரை மாத்திரை, கால் மாத்திரைன்னு படம் போட்ட அட்டவணையும் இருந்துச்சு. ஆறு மாசத்துல 27 சதவீதம் பேரு மாத்திரைய விட்டுட்டாங்க, புத்தகம் குடுக்காதவங்கள்ல 5 சதவீதம்தான். அத மனசுல வெச்சுக்கிட்டு நான் அக்காவோட தினசரி காலண்டர்ல ஒவ்வொரு மாசத்துக்கும் மொத நாள் தாள்ல எத்தன துண்டோ அத்தன முக்கோணம் பேனாவால வரைஞ்சு குடுத்தேன். அக்கா தினம் கிழிக்கற தாளோட பின்பக்கத்துல தூங்குன மணி நேரத்தையும் "கை ஓகே", "மெஷின் சத்தம் பரவால்ல"ன்னு ஒரு வரியும் எழுதி கொக்கியில குத்தி வெச்சாங்க. டாக்டர்கிட்ட போறப்ப அந்த தாள் கட்டத்தான் எடுத்துட்டு போவாங்க.

ஏப்ரல்ல ஏழு துண்டு, மே ஆறு, ஜூன் அஞ்சு, ஜூலை நாலு. ஒவ்வொரு தடவையும் கொறைச்ச மூணாம் நாள்லேர்ந்து பத்து நாள் வரைக்கும் தூக்கம் கெடும், அப்பறம் அடங்கும். தெரிஞ்சு வர்றதால பயம் இல்ல. ஜி.எச். கவுன்சிலர் தூக்கத்துக்கு சொல்லி குடுத்தது நல்லா உதவுச்சு: எத்தன மணிக்கு தூங்குனாலும் காலையில அஞ்சரைக்கு எழுந்துரணும், தூக்கம் வராம பாயில புரள வேண்டாம், எழுந்து உக்காந்து காஜா எடுத்துட்டு கண்ணு சொருகுனா போய் படுக்கணும், சாயந்திரம் டீ கெடையாது.

நாலுலேர்ந்து மூணுக்கு வந்தப்ப கஷ்டமாயிடுச்சு. கணக்கு போட்டா காரணம் புரியும், எட்டுல ஒரு துண்டுன்னா எட்டுல ஒரு பங்கு, நாலுல ஒரு துண்டுன்னா கால் பங்கு. துண்டு அதேதான், ஆனா உடம்புக்கு அடி ரெண்டு மடங்கு. 2025ல அமெரிக்காவுல அடிக்‌ஷன் மருத்துவ சங்கம் மத்த மருத்துவ சங்கங்களோட சேர்ந்து ஒரு வழிகாட்டுதல் போட்டிருக்கு, அப்ப என்ன அளவு போடறாங்களோ அதுலேர்ந்து 5லேர்ந்து 10 சதவீதம், 2லேர்ந்து 4 வாரத்துக்கு ஒரு தடவைன்னு ஆரம்பிக்கணும், பொதுவா 2 வாரத்துக்கு 25 சதவீதத்த தாண்டக்கூடாதுன்னு. அதனாலதான் கடைசி படிங்க செங்குத்தா இருக்கு, முக்கால்வாசி முடிச்சிட்டோம்னு அவசரப்படறவங்க அங்கதான் உருளறாங்க.

அந்த நேரம் பாத்து தீபாவளி ஆர்டர் வந்து குவிஞ்சிருச்சு, ராத்திரி 12 மணி வரைக்கும் மெஷின், வெளிய வெடி. டாக்டர் அம்மா மூணு துண்டுலயே நிறுத்தி வெச்சாங்க, தீபாவளி முடியட்டும், ஊர்ல வெடி அடங்கட்டும்னு. மேல ஏத்தவும் இல்ல, கீழ இறக்கவும் இல்ல. அக்காவுக்கு அது தோல்வி மாதிரி தோணுச்சு. நான் அப்படி பாக்கல. இங்கிலாந்துல நியூகாசில்ல ஹெதர் ஆஷ்டன்னு ஒரு பேராசிரியர் 1982லேர்ந்து 1994 வரைக்கும் இந்த மாத்திரைய நிறுத்தறதுக்குன்னே கிளினிக் நடத்துனாங்க, அவங்க திரும்பத் திரும்ப சொன்னது வேகத்த நோயாளிதான் முடிவு பண்ணணும்னு. நின்னு மூச்சு வாங்கறதும் இறங்கறதுல ஒரு பகுதிதான்.

டிசம்பர்ல ரெண்டு துண்டு. அதோட நின்னு போச்சு. ஒரு துண்டுக்கு போனா சரிபாதி கொறையும், போய் பாத்தாங்க, மூணே நாள்ல கை நடுக்கம், திரும்ப ரெண்டு. பிப்ரவரியில டாக்டர் அம்மா குளோனசிபாம விட்டுட்டு டயஸிபாமுக்கு மாத்துனாங்க. டயஸிபாம் இன்னும் மெதுவா வெளியேறும், அதோட எம்.ஜி. கணக்கு பெருசுங்கறதால சின்னச் சின்னதா கொறைக்க வசதி. குளோனசிபாம் 0.5க்கு டயஸிபாம் சுமார் 10னு ஒரு அட்டவணை இருக்கு, வேற அட்டவணையில வேற கணக்கும் உண்டு, அதனால இத யாரும் வீட்டுல கணக்கு போட்டு மாத்தாதீங்க. அக்காவுக்கு 2.5 வந்துச்சு, 2 எம்.ஜி. மாத்திரை ஒண்ணும் இன்னொன்னுல கால்துண்டும். ரெண்டு துண்டா இருந்தது இப்ப அஞ்சு துண்டாச்சு, படி சின்னதாச்சு. டயஸிபாம் எச்1ங்கற கட்டுப்பாட்டு பட்டியல்ல இருக்கற மருந்து, ஒவ்வொரு தடவையும் சீட்ட பாத்து ரெஜிஸ்டர்ல பேர் எழுதித்தான் குடுத்தேன்.

அந்த மாசந்தான் அக்கா "கேஸுக்கு" ஒமிப்ரசோல் தானா வாங்கி போடறது தெரிய வந்துச்சு, வேற கடையில வாங்குனது. ஒமிப்ரசோல் டயஸிபாம் வெளியேறுறத மந்தமாக்கும், எசிடலோப்ராமையும் அப்படித்தான். டாக்டர் அம்மாவுக்கு உடனே சொன்னேன், பான்டோப்ரசோலுக்கு மாத்துனாங்க. அதே மாதிரி அல்பிரசோலாம் போடறவங்க பூஞ்சைக்கு குடுக்கற சில மாத்திரைய சேத்து போட்டா மயக்கம் தூக்கி அடிக்கும். நரம்பு மாத்திரை கொறைக்கற காலத்துல சளி மாத்திரைலேர்ந்து வலி மாத்திரை வரைக்கும் எது வாங்குனாலும் கடையில சொல்லிட்டு வாங்குங்க. சாராயம் பக்கமே போகக்கூடாது.

இந்த துண்டு கணக்க அப்படியே எடுத்து யாரும் போட்டுக்க வேண்டாம்னு கெஞ்சி கேட்டுக்கறேன். முன்ன வலிப்பு வந்தவங்க, அதிக டோஸ் போடறவங்க, குடிப்பழக்கம் உள்ளவங்க, கர்ப்பமா இருக்கறவங்க எல்லாருக்கும் கணக்கு வேற, சிலருக்கு ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டுத்தான் கொறைக்க முடியும். மனநல டாக்டர்கிட்ட போக வெக்கமா இருந்தா, தூரமா இருந்தா, 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்ங்கற அரசாங்க மனநல உதவி லைன், காசு கெடையாது, தமிழ்லயே பேசலாம். இப்ப போட்டுக்கிட்டு இருக்கறவங்க இத படிச்சிட்டு பயந்து இன்னைக்கு ராத்திரி மாத்திரைய விட்றாதீங்க. போடுங்க, போட்டுட்டு டாக்டர பாக்க தேதி வாங்குங்க.

2025 ஆகஸ்ட்ல அக்கா கடைசி கால்துண்ட விட்டாங்க, ஆரம்பிச்சு 16 மாசம். அதுக்கப்பறமும் ரெண்டு மாசம் மூணு மணிக்கு முழிப்பு வந்துச்சு, இப்பவும் எப்பவாவது வருது, எழுந்து காஜா எடுக்கறாங்க. பழைய படபடப்பு வரல. எசிடலோப்ராம 10லேர்ந்து 5க்கு கொறைச்சிருக்காங்க, அதுக்கும் அவசரம் இல்லன்னுட்டாங்க டாக்டர் அம்மா. கடைசி மாத்திரையில மூணு கால்துண்டு மிச்சம் இருந்துச்சு, ஒரு பொத்தான் டப்பாவுல போட்டு கடைக்கு கொண்டு வந்து குடுத்தாங்க. டப்பாவ மட்டும் திருப்பி வாங்கிக்கிட்டாங்க, கொக்கி வெக்கணுமாம்.